நாலு விரல் குறைச்சல்

“அம்மா, உங்க உயரம் எவ்வளவு?”

வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த டீயைப் பாதி குடித்துவிட்டு அந்த மனிதர் என் அண்ணியிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த நான் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். தெருவுக்கே தெரிந்த விஷயம்.

“ஏன் சார், அளவெடுக்க வந்தீங்களா? இந்த வீட்டுல அந்த வேலை என்னோடது.”

“மன்னிச்சுக்கங்கம்மா. தப்பா நினைக்காதீங்க. இது ஆபீஸ் விஷயம்.”

“ஆபீஸ்ல உயரத்துக்கு என்ன வேலை? எங்க அண்ணியை ஒட்டடை அடிக்க விடப் போறீங்களா?”

“நீ கொஞ்சம் சும்மா இரு,” என்றாள் அண்ணி. வழக்கமாக என் வாயை அடக்க அவள் ஒரு பார்வை பார்ப்பாள். அன்றைக்கு என் பக்கம் திரும்பவே இல்லை. முகம் வெளிறிப் போயிருந்தது. அதைப் பார்த்ததும்தான் இது விளையாட்டு இல்லை என்று எனக்கு உறைத்தது.

வந்தவர் அண்ணி வேலை செய்யும் வானிலை நிலையத்தில் காலநிலை ஆராய்ச்சிப் பிரிவு அதிகாரி. எதைக் கேட்டாலும் “சராசரியா பாத்தா” என்று ஆரம்பிப்பாராம். அதனால் அங்கே கடைநிலை ஊழியர் முதல் இயக்குநர் வரை அவருக்குச் சராசரி சார் என்றே பெயர். நல்ல மனிதர்தான். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே தேய்த்துவிடுவார் போலிருந்தது.

அண்ணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வரும்போதே அவள் அந்த வேலையில் இருந்தாள். ஆள் குள்ளம். சாதாரணக் குள்ளம் இல்லை. கல்யாணத்தில் போட்டோ பிடிக்க வந்தவர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, “பொண்ணு கொஞ்சம் எழுந்து நிக்கட்டும்” என்றார். அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். நாங்கள் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று முதல் யாராவது உயரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அதைக் கவனித்த பிறகு நான் அந்தக் கேலியை விட்டுவிட்டேன், என் வாயால் முடிந்தவரை.

அவள் வேலை என்ன என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. நிலையத்தின் பின்பக்கம் ஒரு புல்தரை. சுற்றிலும் கம்பிவேலி. நடுவில் நாலு கால் வைத்த வெள்ளை மரப்பெட்டி. அதன் பக்கமெல்லாம் ஜன்னல் பட்டை மாதிரி சாய்ந்த பலகைகள், காற்று உள்ளே போகும், வெயில் போகாது. உள்ளே பாதரசம் ஏறி இறங்கும் கண்ணாடிக் குழாய்கள். தினமும் குறித்த நேரத்துக்குப் போய், கதவைத் திறந்து, பாதரசம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுதவேண்டும். அவ்வளவுதான் வேலை. இதற்கா ஒரு ஆபீஸ், இதற்கா ஒரு சம்பளம் என்று நான் கேட்டிருக்கிறேன். நாளைக்கு மழை வருமா என்று சொல்லத்தான் அந்த ஆபீஸ் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அதையும் ஒழுங்காகச் சொல்ல மாட்டார்கள் என்பது வேறு கதை.

உண்மையைச் சொன்னால் எங்கள் வீட்டுக்கு மூத்த மருமகள் அந்தப் பெட்டிதான். அண்ணி இரண்டாவது. மழை கொட்டித் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடினாலும் போவாள். ஊரே அடைத்துக் கிடந்து பஸ் ஓடாத நாளிலும் நடந்து போவாள். சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவள், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இலையை விட்டு எழுந்து ஓடியிருக்கிறாள். அவள் பெண்ணின் பள்ளி ஆண்டுவிழாவுக்கு நான்தான் போவேன். “உங்களுக்கு மனுஷங்களைவிட அந்தப் பெட்டி பெருசாப் போச்சு” என்று நான் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். ஒரு முறை இல்லை, வாய்க்கு வந்தபோதெல்லாம்.

இன்னொரு மனஸ்தாபமும் உண்டு. ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை முழுவதும் தைக்கும் ஆர்டர் எனக்கு முதல்முதலாகக் கிடைத்தபோது, தலைகால் புரியாத சந்தோஷத்தில் அண்ணிக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்தேன். பழுப்பு நிறம், நல்ல தோல், நாலு விரல் உயரத்துக்குக் குதிகால். போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் நின்றாள். “அழகா இருக்கு,” என்றாள். கண்ணெல்லாம் மின்னியது. மறுநாள் காலையில் வாசலில் பார்த்தால் அதே பழைய தட்டைச் செருப்போடு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“ஏன் அண்ணி, புதுசு என்ன ஆச்சு?”

“அது வேலைக்கு ஆகாதுடி.”

“ஏன் ஆகாது? எல்லாப் பொம்பளைங்களும் போட்டுக்கிட்டுத்தான் போறாங்க.”

“ஆகாதுன்னா ஆகாது. விடு.”

விட்டேனா? நான் எதை விட்டேன்! மூன்று நாள் அவளோடு பேசவில்லை. என் பாசத்தை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டாள் என்று அண்ணனிடம் அழுதேன். அந்தத் தட்டைச் செருப்பு தேய்ந்தால் அதே கடைக்குப் போய், அதே கனத்தில் அடிப்பாகம் வைக்கச் சொல்லி ஒற்றைக் காலில் நிற்பாள். “இந்த அம்மா வந்தாலே நான் ஸ்கேலை எடுத்து வெச்சுக்கணும்” என்று செருப்புக் கடைக்காரர் என்னிடம் புலம்பியிருக்கிறார். கஞ்சத்தனமா, அழுத்தமா என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

சரி, சராசரி சாருக்கு வருகிறேன். அவர் பையிலிருந்து ஒரு நீளத் தாளை எடுத்து என் வெட்டும் மேசைமேல் விரித்தார். துணியையெல்லாம் ஒதுக்கிக் கொடுத்தேன். இடமிருந்து வலம் ஒரு கோடு, மேலும் கீழும் நெளிந்து நெளிந்து, போகப் போக மேலே ஏறியது.

“இது நம்ம தோட்டத்து வெப்பநிலை. அந்தப் பெட்டியை வெச்ச நாள்லேர்ந்து. இங்க பாருங்க, ஒரு படி கீழ இறங்குது. இது அம்மா வேலைக்குச் சேர்ந்த வருஷம்.”

அண்ணி கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

“இங்க கொஞ்ச மாசம் மட்டும் மேல வருது. மறுபடி இறங்குது.”

“பாப்பா பொறந்தப்போ,” என்றாள் அண்ணி.

“இங்க இன்னொரு தடவை.”

“அவருக்கு இடுப்பு ஒடைஞ்சப்போ.”

அண்ணன் பஸ் டிரைவர். படியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். அப்போது அண்ணி நீண்ட விடுப்பில் இருந்து, அவரைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, நடக்கப் பழக்கினாள். பெட்டியை அவள் மாதக்கணக்கில் விட்டுப் பிரிந்தது அந்த இரண்டு முறைதான். அது அந்தத் தாளில் இரண்டு சின்ன மேடுகளாக இருந்தது. பெட்டிதான் உனக்குப் பெரிது என்று நான் திட்டிய திட்டெல்லாம் எனக்கு நினைவு வந்தது. என் வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வார விடுமுறையிலும் விடுப்பிலும் அவளுக்குப் பதில் பார்க்கிறவர் ஒரு நெட்டை ஆள். பெயரும் நெட்டைதான். இப்போது தோட்டத்தில் புதிதாக ஒரு மின்னணுக் கருவியும் வைத்திருக்கிறார்களாம். பழைய பெட்டியை எடுத்துவிட்டு அதை வைக்கப் போகிறார்கள். ஆனால் சட்டென்று மாற்ற மாட்டார்களாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீண்ட நாள் சேர்த்தே பார்த்து, இதற்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துகொண்டுதான் பழையதை நிறுத்துவார்கள். அப்படிப் பார்த்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. நெட்டை பார்க்கும் நாளில் இரண்டும் ஒத்துப் போகிறது. அண்ணி பார்க்கும் நாளில் அரைக்கால் டிகிரி குறைகிறது.

“கருவியில தப்பில்ல,” என்றார் சராசரி சார். “கண்ணு இருக்கற உயரத்துல. பாதரச மட்டத்துக்கு நேரா கண்ணு இருக்கணும். கீழேர்ந்து அண்ணாந்து பாத்தா ஒரு பொட்டு கம்மியாத் தெரியும்.”

“அரைக்கால் டிகிரிதானே சார்? காய்ச்சல்லகூட அதை யாரும் பாக்க மாட்டாங்க,” என்றேன்.

“ஒரு நாள் கணக்குன்னா ஒண்ணுமே இல்லம்மா. நாங்க தேடறது வேற. ஒரு மனுஷ ஆயுசுல பூமி எவ்வளவு சூடாச்சுன்னு பாக்கறோம். அதுவே மொத்தம் ஒரு டிகிரி சொச்சம்தான். ஒரு கஜத் துணியில அரைக்கால் கஜம் குறைஞ்சா நீங்க கடைக்காரரைச் சும்மா விடுவீங்களா?”

“கிழிச்சுடுவேன்.”

“அவ்வளவுதான் விஷயம். ஒவ்வொரு நாட்டு வானிலை நிலையமும் இந்த மாதிரி பழைய வரிசைகளைச் சுத்தம் பண்ணி ஒரே இடத்துல சேக்கறாங்க. உலகம் எப்படி மாறுதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க எல்லாரும் அதைத்தான் எடுத்துக்கறாங்க. இவ்வளவு நீளமா, ஒரு நாள்கூட விட்டுப் போகாம இருக்கற வரிசை நம்மகிட்ட ரொம்பக் கம்மி. நம்ம தோட்டத்தோடது ஒண்ணு.”

பிறகு அண்ணியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார்.

“காரணம் தெரியாம ஒரு எண்ணைக்கூட நாங்க நகர்த்த மாட்டோம். தப்பு தினமும் ஒரே அளவுல நடந்திருந்தா, அந்த அளவைக் கூட்டித் திருத்திச் சேத்துடலாம். சில நாள் எக்கி, சில நாள் எக்காம பாத்திருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. அந்த வருஷங்களை ஒதுக்கிட வேண்டியதுதான். அதான் நேர்ல கேக்க வந்தேன். நீங்க எப்படி நின்னு பாத்தீங்க?”

அண்ணி நிமிர்ந்தாள்.

“விதிப்படிதான் சார். எக்கி நின்னு, கண்ணை நேரா வெச்சுத்தான் பாப்பேன்.”

“எல்லா நாளும்?”

“எல்லா நாளும்.”

அவர் ஆறிப்போன மீதி டீயைக் குடித்தார். “அப்போ இந்தப் படிக்கு எங்ககிட்ட காரணம் இல்லம்மா,” என்றார். அவருக்கே கஷ்டமாக இருந்தது தெரிந்தது. எந்த வருஷங்களை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் குழு அடுத்த வாரம் கூடுகிறது, அதற்குள் தோட்டத்துக்கு வந்து கண் உயரத்தை மட்டும் அளந்து குறித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தாளைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லை. யாரும் சொல்லவில்லை. நான்தான் ஆரம்பித்தேன்.

“விட்டுத் தொலைங்க அண்ணி. போனா போகட்டும். வெறும் நம்பர்தானே?”

அவள் தட்டைத் தள்ளினாள். “வெறும் நம்பரா? நீ இதுவரைக்கும் தைச்ச சட்டையெல்லாம் ஒரே நாள்ல குப்பையில கொட்டினா நீ இப்படிப் பேசுவியா? என் பொண்ணு ஓடி வந்து காலைக் கட்டிக்கிட்டு அழறப்போ உதறிட்டுப் போயி எழுதின நம்பர்டி அது.”

அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார், “அப்போ நிஜத்தைச் சொல்லிடேன்.”

“என்ன நிஜம்?” என்றேன்.

சொன்னாள். வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த அதிகாரியை அங்கே பெரியவர் என்பார்கள். அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உனக்குப் பெட்டி எட்டுமா?” என்று கேட்டாராம். எட்டும் என்றாள். “கண்ணு மட்டத்துக்கு நேரா இருக்கணும், அதான் முதல் விதி. எட்டலேன்னா இப்பவே சொல்லிடு, வேற ஆள் பாத்துக்கறேன். ஸ்டூல் போட்டு ஏற இது நாடக மேடை இல்ல” என்றாராம். அவளுடைய அப்பா அப்போது நோயில் கிடந்தார். வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. அவர் எதிரில் எக்கி நின்று காட்டினாள். வேலை கிடைத்தது.

“எட்டலைடி,” என்றாள் அண்ணி. “ஒரு நாளும் எட்டலை.”

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எட்டவில்லை, எக்கவும் இல்லை என்று சொன்னால் அந்த வருஷங்கள் பிழைக்கும். ஆனால் வேலையின் முதல் விதியையே தினமும் மீறியவள் என்று பெயர் வாங்கவேண்டும், அதுவும் ஓய்வு பெறப்போகும் நேரத்தில். சொல்லாவிட்டால் பெயர் பிழைக்கும், வேலை போய்விடும். செய்து முடித்த வேலை மொத்தமும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வாயையே திறக்காதீங்க. பேரோட ரிட்டயர் ஆகுங்க. மெடல் கொடுத்தாங்களா உங்களுக்கு?” என்றேன். அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“நாளைக்கு நீ டேப்பை எடுத்துக்கிட்டு என்கூட வா. வேற எவனும் என்னை அளக்கக் கூடாது.”

இத்தனை காலத்தில் அந்தத் தோட்டத்துக்குள் நான் போனது அன்றைக்குத்தான். புல்லை ஒரே உயரத்துக்கு வெட்டியிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பஸ்ஸும் இரைச்சலும். இந்தப் பக்கம் பெட்டி மட்டும் தன்பாட்டுக்கு நின்றது. பெட்டி எதிரில் தரையோடு தரையாக ஒரு சதுரக் கல். அண்ணி நேராகப் போய் அதன்மேல் நின்றாள். நடுவில் கல் லேசாகக் குழிந்திருந்தது. அவள் கால் அந்தக் குழிகளில் போய் உட்கார்ந்தது.

சராசரி சாரும் நெட்டையும் வந்திருந்தார்கள். நான் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துத் தரையிலிருந்து அவள் கண்ணுக்கு அளந்தேன். பிறகு தரையிலிருந்து பாதரச மட்டத்துக்கு அளந்தேன். மட்டம் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், அவர்கள் நடுவாக ஒரு இடம் காட்டினார்கள். கணக்குப் பார்த்தால் நாலு விரல் குறைச்சல்.

“நாலு விரல்தானே சார்,” என்றார் நெட்டை. நல்ல மனசு அவருக்கு. “எக்கினா சரியாப் போயிடும்.”

“எக்கிக் காட்டறீங்களாம்மா?” என்றார் சராசரி சார்.

அண்ணி எக்கினாள். விரல் நுனியில் நின்றாள். கெண்டைக்கால் நடுங்கியது. பெட்டியின் கதவைப் பிடிக்கப் போனவள், பிடிக்கக் கூடாது என்று கையை இழுத்துக்கொண்டாள். உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. எனக்கு ஓடிப்போய்த் தாங்கிக்கொள்ளவேண்டும் போலிருந்தது. என் அண்ணியை இப்படி நிற்க வைத்து வேடிக்கை பார்க்கிறார்களே என்று அவர்கள்மேல் கோபம் கோபமாக வந்தது.

அவள் குதிகாலைக் கீழே வைத்தாள்.

“நான் நேத்துச் சொன்னது பொய் சார்.”

சராசரி சார் நோட்டைத் திறந்தார். அண்ணி தொடர்ந்தாள்.

“முதல் வாரம் இப்படித்தான் எக்கிப் பாத்தேன். அடுத்தடுத்து மூணு தடவை பாத்தா மூணு நம்பர் வந்துது. எதை எழுதறதுன்னே தெரியலை. பயந்துட்டேன். காலைக் கீழ வெச்சுப் பாத்தேன். எத்தனை தடவை பாத்தாலும் ஒரே நம்பர். அது சரி இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா அது ஆடலை. அன்னிலேர்ந்து ஒரு நாள்கூட நான் எக்கினதில்லை.”

“ஸ்டூல் கேட்டிருக்கலாமேம்மா?”

“முதல்ல பயம், வேலை போயிடும்னு. அப்புறம் வெக்கம். அப்புறம் பெரியவரும் போயிட்டார், கேட்டிருந்தா கொடுத்திருப்பாங்க. ஆனா சார், அன்னிக்கு நான் ஸ்டூல் மேல ஏறியிருந்தா உங்க கோட்டுல இன்னொரு படி வந்திருக்கும். தப்பு ஒண்ணோட போகட்டும்னு விட்டுட்டேன். இந்தக் கல்லு மேலதான் நிப்பேன். இந்தச் செருப்புதான். தேய்ஞ்சா அதே கனத்துல அடிச்சுத்தான் போடுவேன். இவகூட ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தா...”

என்னைப் பார்த்தாள்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. மூன்று நாள் பேசாமல் இருந்தேனே! அழுத்தக்காரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இந்தப் பாவி? எப்படிச் சொல்வாள்? சொன்னால் எட்டவில்லை என்பதையும் சேர்த்தல்லவா சொல்லவேண்டும். டேப்பாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சராசரி சார் குனிந்து அந்தக் கல்லின் குழியைத் தொட்டுப் பார்த்தார். “ஏறி இறங்காத தப்புதான் எங்களுக்கு வேணும்மா,” என்றார். “அதை எடுத்துடலாம். உங்க எண்கள்ல மேல கீழ ஆட்டமே இல்லை. எப்படி இவ்வளவு சீரா தப்பு நடக்கும்னுதான் நான் மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தேன். இதை அப்படியே எழுதிக் கொடுப்பீங்களா?”

“கொடுத்தா என் மேல நடவடிக்கை வருமா?”

அவர் பூசி மெழுகவில்லை. “வரலாம். அது என் கையில இல்லை.”

“கொடுக்கறேன்,” என்றாள் அண்ணி.

நடவடிக்கை வரத்தான் செய்தது. நிர்வாகத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள், பிறகு கண்டித்து ஒரு தாள் வந்தது. ஒரு தவறும் இல்லாத அவளுடைய கோப்பில் முதல் கறை. அவள் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். நான்தான் அந்த ஆபீஸ் இருக்கும் திசையைப் பார்த்து வசவு பாடினேன். ஆனால் குழு அந்த வருஷங்களை ஏற்றுக்கொண்டது. சராசரி சார் புதுத் தாளோடு வந்து மறுபடி என் மேசையில் விரித்தார். படி இல்லை. கோடு முழுசாக, ஒரே ஓட்டமாக ஏறியது. அந்தத் தோட்டத்தின் வரலாற்றில், பெட்டிக்கு எப்போது வெள்ளை அடித்தார்கள், எந்த மரத்தை வெட்டினார்கள் என்ற விவரங்களோடு, பார்வையாளரின் கண் உயரம் என்றும் ஒரு வரி சேர்ந்துவிட்டதாம். என் டேப் எடுத்த அளவு. இது எனக்குப் பெருமைதான், ஏன் மறைக்கவேண்டும்?

“இப்போ சந்தோஷமா?” என்று அண்ணியைக் கேட்டேன்.

“ஏறிக்கிட்டே போகுதேடி,” என்றாள், கோட்டின் கடைசி முனையைத் தொட்டு. “நான் எழுதினது தப்பா இருந்து, இது இவ்வளவு ஏறாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.” அவள் பெண்ணுக்கு அப்போது ஒரு கைக்குழந்தை இருந்தது. கோடு முடிந்த இடத்துக்கு அப்பால் இருந்த வெற்றுத்தாளை அண்ணி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதில் ஒரு கூத்தும் உண்டு. இரண்டு கருவியையும் சேர்த்துப் பார்க்கும் காலம் இன்னும் முடியவில்லை. அதுவரை அண்ணி எதையும் மாற்றக் கூடாது என்று சராசரி சார் சொல்லிவிட்டார்.

“ஸ்டூல் வேண்டாம், எக்க வேண்டாம், புதுச் செருப்பு வேண்டாம். எப்பவும் பாக்கற மாதிரியே தப்பாப் பாருங்கம்மா.”

“எனக்கு இந்த மாதிரி ஒரு உத்தரவு போட மாட்டேங்கறாங்களே,” என்றார் நெட்டை.

அப்படியே பார்த்தாள். தெரிந்தே, தினமும், நாலு விரல் கீழேயிருந்து. அவள் ஓய்வு பெறும் நாளும் பெட்டியின் கடைசி நாளும் ஒன்றாகவே வரும்படி வைத்தார்கள். அது சராசரி சாரின் வேலை என்று நினைக்கிறேன்.

கடைசி நாள் காலையில் அண்ணனும் நானும் போயிருந்தோம். அண்ணன் ஊன்றுகோலோடு வேலிக்கு வெளியே நின்றார். அண்ணி கல்மேல் நின்று, கதவைத் திறந்து, அண்ணாந்து பார்த்து, எழுதினாள். சராசரி சார் கையெழுத்துப் போட்டார். நெட்டை கைதட்டினார். அவ்வளவுதான், முடிந்தது.

அண்ணி நகரவில்லை. தோள்பையைத் திறந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

பழுப்பு நிறம் மங்கியிருந்தது. ஒரு வார் காய்ந்து விண்டிருந்தது. என் ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து அதை இழுத்துப் பிணைத்தேன். குனிந்து நானே மாட்டிவிட்டேன். வேண்டாம் என்று காலை இழுத்தாள், விடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கல்மேல் நிமிர்ந்து நின்றாள். பெட்டிக் கதவை மறுபடி திறந்தாள்.

எக்கவில்லை. அண்ணாந்து பார்க்கவில்லை. கண்ணுக்கு நேராகப் பாதரசம் நின்றது.

ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னாலிருந்த எனக்குத் தெரியவில்லை.

“இத்தனை வருஷத்துல இதை நேருக்கு நேர் பாக்கறது இன்னிக்குத்தான்டி,” என்றாள்.

“எவ்வளவு காட்டுது அண்ணி?”

“சொல்ல மாட்டேன். இது கணக்குல வராது.”

கதவை மூடினாள். வீடு வரைக்கும் அந்தச் செருப்போடுதான், என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பழைய ஜோடியை நான் கையில் தூக்கிக்கொண்டு வந்தேன்.